பதிமூன்றாம் அட்டை

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, திங்கட்கிழமை காலையில், எங்கள் அலுவலகத்தில் ஒரு சீட்டாட்டம் நடக்கும். காசு கிடையாது, ஜோக்கர் கிடையாது. கையில் 1, 2, 3, 5, 8, 13, 20 என்று எண்கள் அச்சிட்ட அட்டைகள். செய்யவேண்டிய வேலை ஒன்றை ஒருவர் வாசிப்பார். அது எவ்வளவு பெரிய வேலை என்று ஒவ்வொருவரும் மனசுக்குள் கணக்குப் போட்டு, ஓர் அட்டையை மேஜையில் கவிழ்த்து வைக்க வேண்டும். ‘ஓப்பன்’ என்றதும் எல்லோரும் ஒரே நேரத்தில் திருப்புவோம். எண்கள் வேறுபட்டால் பேச்சு, பேசியபின் மறுபடி அட்டை. எண்கள் ஒன்றுசேரும்வரை இது ஓடும். பிளானிங் போக்கர் என்று பெயர். ஐடியில் இருக்கும் யாரைக் கேட்டாலும் கொட்டாவி விட்டுக்கொண்டே விளக்குவார்கள்.

சில வருடங்களுக்கு முன்னால், அப்படி ஒரு திங்கட்கிழமை. நான் டீம் லீட். பழைய ரிப்போர்ட் மாட்யூல் ஒன்றைப் புது டேட்டாபேஸுக்கு மாற்ற வேண்டும். அட்டைகளைத் திருப்பினோம். 3, 5, 5, 5, அப்புறம் ஒரு 13. பதிமூன்றைப் போட்டது டீமிலேயே சின்னப் பையன், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எல்லோரும் சிரித்தோம். விதிப்படி, விலகி நிற்பவர் காரணம் சொல்ல வேண்டும்.

“போன வாரம் உள்ள போய்ப் பார்த்தேன் அண்ணா. தேதியெல்லாம் வெறும் ஸ்டிரிங்கா போட்டு வச்சிருக்காங்க. ஒவ்வொரு டேபிள்ல ஒவ்வொரு மாதிரி இருக்கு.”

“அதெல்லாம் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினா முடிஞ்சிரும் தம்பி,” என்றேன். “சரி, மறுபடி போடலாமா?”

மறுபடி போட்டோம். எல்லாமே 5. ‘சூப்பர்’ என்று சொல்லி அடுத்த வேலைக்குப் போனோம்.

ஐந்து என்றால் எங்கள் கணக்கில் ஒரு வாரம். அந்த வேலை ஒரு மாதத்துக்கு மேல் இழுத்தது. செய்ததும் அந்தப் பையன்தான். ரிலீஸ் தேதி தள்ளிப்போனது, இரவெல்லாம் உட்கார்ந்தான், ஊரில் அக்காவின் நிச்சயதார்த்தத்துக்குப் போகவில்லை. மேலிடத்தில் கேள்வி வந்தபோது நான் சொன்ன பதில் எனக்கு வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது. “டீம்ல எல்லாரும் சேர்ந்து ஒத்துக்கிட்ட எஸ்டிமேட்தான் சார்.”

பொய் இல்லை. ஒத்துக்கொண்டோம்தான். எப்படி ஒத்துக்கொண்டோம் என்பதில் எனக்கு ஓர் உறுத்தல் இருந்துகொண்டே இருந்தது. அந்த உறுத்தலில்தான் ஒருநாள் இரவு, இந்தச் சீட்டாட்டம் எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன். 2002-ல் ஜேம்ஸ் கிரெனிங் என்ற மென்பொருளாளர் இதை வடிவமைத்திருக்கிறார். அதற்குப் பின்னால், மென்பொருள் செலவைக் கணிப்பதற்காக பேரி போம் 1970-களில் உருவாக்கிய ‘வைட்பேண்ட் டெல்ஃபி’ என்ற முறை. அதற்கும் பின்னால் வெறும் ‘டெல்ஃபி’. அந்த டெல்ஃபியைப் பிடித்துக்கொண்டு போனால் கலிபோர்னியாவின் சாண்டா மோனிகா கடற்கரையில், அணுகுண்டுகளை எண்ணிக்கொண்டிருந்த ஓர் அலுவலகத்தில் போய் நின்றேன்.

*

ரேண்ட் கார்ப்பரேஷன் அமெரிக்க விமானப்படையின் திட்டமாக 1946-ல் தொடங்கி, 1948-ல் தனி நிறுவனமானது. கணிதம், பொருளாதாரம், தத்துவம் படித்தவர்களை உட்காரவைத்து ‘அடுத்த போர் எப்படி இருக்கும்’ என்று யோசிக்கச் சொன்ன இடம். அங்கே வேலை பார்த்தவர் ஒலாஃப் ஹெல்மர். பெர்லினில் பிறந்து, நாஜிகள் வந்தபின் அங்கிருந்து வெளியேறிய தர்க்கவியலாளர். அவருக்கும் சக ஆய்வாளர் நார்மன் டால்கிக்கும் 1950-களின் தொடக்கத்தில் இருந்த கேள்வி இது: ஒரு சோவியத் திட்டவியலாளர் அமெரிக்காவின் ஆயுத உற்பத்தியைக் குறிப்பிட்ட அளவுக்குக் குறைக்க நினைத்தால், அவருக்கு எத்தனை அணுகுண்டுகள் தேவைப்படும்?

இதைச் சோதித்துப் பார்க்க முடியாது. தரவும் கிடையாது. இருப்பதெல்லாம் நிபுணர்களின் ஊகம். ஊகங்களை ஓர் அறையில் கூட்டிவைத்தால் என்ன ஆகும் என்பது, எந்த மீட்டிங்கிலும் உட்கார்ந்த நமக்குத் தெரியும். சத்தமாகப் பேசுபவர் ஜெயிப்பார், பதவியில் பெரியவர் ஜெயிப்பார். ஒருதடவை வாய்விட்டுச் சொன்ன கருத்தை மாற்றிக்கொள்ள யாருக்கும் மனசு வராது.

ஆகவே ஹெல்மரும் டால்கியும் கூட்டத்தையே ரத்து செய்தார்கள். நான்கு பொருளாதார வல்லுநர்கள், கட்டடங்களின் தாங்குதிறன் தெரிந்த ஒருவர், ஒரு சிஸ்டம்ஸ் அனலிஸ்ட், ஒரு மின்னணுப் பொறியாளர் என ஏழு பேர். ஒருவர் சொல்வது இன்னொருவருக்குப் பெயரோடு தெரியாது. ஒவ்வொரு சுற்றிலும் கேள்வித்தாள் போகும், பதில் வரும், அதிலிருந்து எடுத்த தகவல்களோடு அடுத்த கேள்வித்தாள் போகும். மொத்தம் ஐந்து சுற்றுகள். முதலில் வந்த பதில்களில் சிறியது 50 குண்டுகள், பெரியது 5,000. நூறு மடங்கு வித்தியாசம். கடைசியில் அது ஏறக்குறைய இரண்டு மடங்காகச் சுருங்கியிருந்தது.

பெயர் மறைத்த அட்டை, ஒரே நேரத்தில் திறப்பது, விலகி நிற்பவரிடம் காரணம் கேட்பது, மறுசுற்று. எங்கள் திங்கட்கிழமையின் எலும்புக்கூடு முழுக்க அங்கே இருக்கிறது. கிரேக்கத்தில் குறிசொல்லும் கோவில் இருந்த டெல்ஃபியின் பெயரை இதற்கு வைத்தவர், ரேண்டில் இருந்த தத்துவவாதி ஆபிரகாம் கப்லான். உருவாக்கியவர்களுக்கு அந்தப் பெயர் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. தர்க்கம் படித்தவருக்குக் கிளி ஜோசியக்காரர் பட்டம் கொடுத்தால் எப்படி இருக்கும்!

*

ராணுவ ரகசியமாக இருந்த அந்தச் சோதனை 1963-ல் வெளியே வந்தது. அடுத்த வருடமே ஹெல்மர், தியடோர் கார்டன் என்ற பொறியாளரோடு சேர்ந்து, இதே முறையை உலகத்தின் எதிர்காலத்துக்கே பயன்படுத்தினார். சுமார் 80 நிபுணர்கள், நான்கு சுற்றுகள், ஆறு தலைப்புகள்: அறிவியல் கண்டுபிடிப்புகள், மக்கள்தொகைக் கட்டுப்பாடு, தானியங்கிமயம், விண்வெளி, போர்த் தடுப்பு, ஆயுதங்கள். ஒவ்வொரு விஷயமும் எந்த வருடம் நடக்கும் என்று கேட்டு, பதில்களின் நடு எண்ணை எடுத்துப் பட்டியல் போட்டார்கள்.

அந்தப் பட்டியலைப் படிப்பது தனி சுகம். கடல்நீரைக் கட்டுப்படியாகும் செலவில் குடிநீராக்குவது 1970-ஐ ஒட்டி வந்துவிடும் என்றார்கள். நான் வேலை பார்க்கும் ஓஎம்ஆர் பக்கத்துக்குத் தண்ணீர் கொடுக்கும் நெம்மேலி ஆலை ஓட ஆரம்பித்தது 2013-ல். சென்னையின் முதல் பெரிய ஆலையான மீஞ்சூரே 2010-ல்தான் வந்தது. வானிலையை ஓரளவு நம் இஷ்டத்துக்கு மாற்றுவது 1990 வாக்கில் என்றார்கள். புத்திசாலி விலங்குகளை வளர்த்துச் சில்லறை வேலைகளுக்கு வைத்துக்கொள்வது 2050 வாக்கில் வருமாம். அதற்கு இன்னும் டைம் இருக்கிறது.

தப்பான கணிப்புகளைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். எனக்குச் சிரிப்பு நின்றது வேறோர் இடத்தில். அந்த ஆறு தலைப்புகளை மறுபடி படித்துப் பாருங்கள். சுற்றுச்சூழல் என்று ஒன்று இல்லை.

அது யாருக்கும் தெரியாத விஷயமாகவும் இல்லை. ரேச்சல் கார்சனின் ‘சைலண்ட் ஸ்பிரிங்’ 1962-ல் வெளியாகி, பூச்சிமருந்து பற்றி அமெரிக்கா முழுக்கச் சண்டை நடந்துகொண்டிருந்தது. ஹவாயில் மௌனா லோவா மலைமேல் சார்லஸ் கீலிங் 1958-லிருந்தே காற்றிலுள்ள கார்பன் டை ஆக்ஸைடை அளந்து, அது வருடாவருடம் ஏறுவதைக் காட்டிக்கொண்டிருந்தார். ஹெல்மரின் அறிக்கைக்கு அடுத்த வருடம், 1965-ல், அமெரிக்க அதிபரின் அறிவியல் ஆலோசனைக் குழு இந்தப் புகையைப் பற்றியே எச்சரித்தது. அதே நாடு, அதே காலம். வானிலையை நாம் வேண்டுமென்று மாற்றுவது எப்போது என்று ஓர் அறையில் நிபுணர்கள் தேதி குறித்தார்கள். வேண்டாமலேயே மாற்றிக்கொண்டிருப்பது அங்கே ஒரு தலைப்பாக வரவில்லை.

ஐந்து சுற்று வைத்தாலும் ஐம்பது சுற்று வைத்தாலும், கேட்காத கேள்விக்குப் பதில் சுருங்கி வராது. எங்கள் மேஜையில் ‘இந்த வேலை எவ்வளவு பெரியது’ என்று கேட்டோமே ஒழிய, ‘உங்களில் யார் அந்தக் கோடைத் திறந்து பார்த்தீர்கள்’ என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு கைதான் உயர்ந்திருக்கும்.

டெல்ஃபியின் மேல் மிகக் கடுமையான அடி ரேண்டுக்குள்ளிருந்தே விழுந்தது. 1974-ல் ஹெரால்டு சாக்மன் எழுதிய அறிக்கை அது. கருத்துகள் ஒன்றுசேர்வது, அவை உண்மையை நெருங்குகின்றன என்பதற்கான ஆதாரம் ஆகாது என்றார். அந்த முறையின் வடிவத்தை ஒரு பொறியாளராகப் பார்த்தால் எனக்கும் அது புரிகிறது. நடுவில் நிற்பவர்களிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. ஓரத்தில் நிற்பவர் மட்டும் எழுதி விளக்க வேண்டும். விளக்குவது வேலை, அடுத்த சுற்றில் நடுவுக்கு நகர்ந்துவிடுவது சௌகரியம். எல்லோரும் சௌகரியத்தைத் தேர்ந்தெடுத்தால் எண்கள் அழகாகச் சேர்ந்துவிடும். அதற்கு நாம் ‘ஒருமித்த கருத்து’ என்று பெயர் வைப்போம்.

எங்கள் மேஜையில் 5 போட்ட மூன்று பேரிடமும் ஏன் 5 என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்போம்? “போன தடவை இதேமாதிரி ஒண்ணு 5 போட்டோம்ல?”

*

அப்படியென்றால் நிபுணர் குழுவே வெட்டிவேலையா? நானும் அப்படித்தான் முடிவுக்கு வந்திருப்பேன், 1979 ஜூலை மாதத்தைப் பற்றிப் படிக்காமல் இருந்திருந்தால்.

மாசசூசெட்ஸில் கடலோரமாக வுட்ஸ் ஹோல் என்ற சிற்றூர். வெள்ளை மாளிகையின் அறிவியல் ஆலோசகர் ஃபிராங்க் பிரெஸ், கார்பன் டை ஆக்ஸைடு பற்றி வரும் எச்சரிக்கைகள் எவ்வளவு நம்பகமானவை என்று தேசிய அறிவியல் அகாடமியிடம் கேட்டிருந்தார். அகாடமி ஜூல் சார்னி என்ற வானிலை அறிஞர் தலைமையில் ஒன்பது பேரை அனுப்பியது. ஜூலை 23 முதல் 27 வரை. ஐந்தே நாட்கள்.

அவர்கள் முன்னால் இரண்டு பேரின் கணினி மாதிரிகள் இருந்தன. காற்றில் கார்பன் டை ஆக்ஸைடு இரட்டிப்பானால் பூமி எவ்வளவு சூடாகும் என்பதற்கு சுகுரோ மனாபேயின் மாதிரி ஏறக்குறைய 2 டிகிரி என்றது, ஜேம்ஸ் ஹான்சனின் மாதிரி ஏறக்குறைய 4 என்றது. நாங்களாக இருந்தால் பேசிப்பேசி மூன்றில் கொண்டுவந்து நிறுத்தி, ‘சூப்பர்’ என்று சொல்லி லஞ்சுக்குப் போயிருப்போம்.

அவர்களும் 3-தான் சொன்னார்கள், ஆனால் வேறு வழியில். இரண்டு மாதிரிகளும் ஏன் வேறுபடுகின்றன என்று முதலில் பார்த்தார்கள். பனி உருகினால் எவ்வளவு வெயில் திரும்பாமல் தங்கும், மேகங்கள் என்ன செய்யும், கடல் எவ்வளவு சூட்டை விழுங்கும்? அப்புறம் அந்த எண்ணை உடைக்க முயன்றார்கள். சூட்டை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடக்கூடிய ஏதாவது ஒரு விளைவை எல்லோரும் தவறவிட்டிருக்கிறார்களா என்று தேடினார்கள். தேடியும் கிடைக்கவில்லை என்று அறிக்கையில் வெளிப்படையாக எழுதினார்கள். கடைசியில் இரண்டு பக்கமும் அரை டிகிரி இடம்விட்டு, 1.5-லிருந்து 4.5 வரை, பெரும்பாலும் 3-ஐ ஒட்டி என்றார்கள். சுமார் இருபது பக்கம்தான் மொத்த அறிக்கையும்.

அந்த வீச்சு 1990-ல் வந்த ஐபிசிசியின் முதல் அறிக்கையிலும் அப்படியே இருந்தது. 2013-லும் அதே 1.5 முதல் 4.5. ஆயிரம் மடங்கு பெரிய கணினிகள், செயற்கைக்கோள்கள், ஆழ்கடல் அளவீடுகள் எல்லாம் வந்தபின் 2021-ல் அது 2.5 முதல் 4 வரை என்று சுருங்கியது. நடுவில் நிற்பது அதே 3. அதே வருடம் மனாபேக்கு இயற்பியல் நோபல் கிடைத்தது. நாற்பது வருடம் தாங்கிய எஸ்டிமேட்! எங்கள் தொழிலில் நாற்பது நாள் தாங்கினாலே கேக் வெட்டுவோம்.

இந்த ஒன்பது பேரும் ஹெல்மரின் ஆட்களைவிடப் புத்திசாலிகள் என்று நான் நினைக்கவில்லை. ஒரே ஒரு கேள்வியை, இயற்பியல் விடை சொல்லக்கூடிய கேள்வியை, எடுத்துக்கொண்டார்கள். எண்ணோடு சேர்த்துக் காரணத்தையும் மேஜைமேல் வைத்தார்கள். ஓரத்தில் நின்ற 2-ஐயும் 4-ஐயும் நடுவுக்கு இழுக்காமல் அறிக்கையிலேயே நிற்கவிட்டார்கள்.

இன்னொன்றும் சொன்னார்கள். கடல் சூட்டை விழுங்குவதால், விளைவு கண்ணுக்குத் தெரியவே பல பத்தாண்டுகள் ஆகலாம். தெரியட்டும் என்று காத்திருந்தால், தெரியும்போது நேரம் கடந்திருக்கும்.

*

கணிப்பு சரி. அப்புறம் என்ன நடந்தது?

அகாடமி இன்னொரு குழு போட்டது. இயற்பியலாளர் வில்லியம் நிரன்பெர்க் தலைமையில், பொருளாதார வல்லுநர்களையும் சேர்த்து. 1983 அக்டோபரில் வந்த அவர்களின் அறிக்கை கிட்டத்தட்ட 500 பக்கம். சார்னி குழு சொன்ன வெப்பக் கணக்கை அது மறுக்கவில்லை. ‘அதனால் என்ன செய்வது’ என்ற இடத்தில்தான் தொனி மாறியது. இப்போதே எரிபொருளில் கைவைக்க வேண்டாம், ஆராய்ச்சி தொடரட்டும், மனிதர்கள் வரலாறு முழுக்கப் புதிய தட்பவெப்பங்களுக்குப் பழகியிருக்கிறார்கள், இடம்பெயர்ந்திருக்கிறார்கள் என்பது சாரம். கொள்கை பற்றிய அத்தியாயத்தை எழுதியவர் தாமஸ் ஷெல்லிங். எதிர்காலப் பொருளாதாரத்தைக் கணித்த இருவரில் ஒருவர் வில்லியம் நார்டாஸ். இருவரும் பின்னாளில் பொருளாதார நோபல் வாங்கியவர்கள். முட்டாள்கள் எழுதிய அறிக்கை இல்லை. நிரன்பெர்க் வேண்டுமென்றே ஆபத்தைக் குறைத்துக் காட்டினாரா, அன்றைய பொதுக்கருத்தைத்தான் பதிவுசெய்தாரா என்று வரலாற்றாசிரியர்கள் பின்னால் சண்டை போட்டிருக்கிறார்கள். அதற்குள் நான் போகவில்லை.

எனக்கு அதில் தைத்தது ‘இடம்பெயர்வார்கள்’ என்ற அந்த ஒரு வினைச்சொல். யார்? அந்த அறையில் இருந்தவர்களில் எவரும் இல்லை. இன்னும் பிறக்காதவர்கள், வேறு கண்டங்களில் இருப்பவர்கள், கடலோரத்தில் ஓலைக்குடிசை போட்டவர்கள். வாக்கியத்தின் எழுவாய் வாக்கியத்தை எழுதியவர்களோடு ஒரே மேஜையில் இல்லை. எவ்வளவு சூடாகும் என்ற கேள்விக்கு அதனால் பாதகமில்லை. வெப்பமானிக்கு அடையாள அட்டை தேவையில்லை. எவ்வளவு சூட்டைப் பொறுத்துக்கொள்ளலாம் என்ற கேள்விக்கு, பொறுக்கப்போகிறவர் அறையில் இருந்தாக வேண்டும். சுற்றுச்சூழலையும் சமூகத்தையும் சேர்த்து எதிர்காலம் பேசும் குழுக்களில் இந்த இரண்டு கேள்விகளும் ஒரே அட்டைக்கட்டில் கலந்துவிடுகின்றன. முதல் கேள்விக்கு நிபுணர் சம்பாதித்த மரியாதையில் இரண்டாவது கேள்விக்கும் பதில் எழுதப்படுகிறது.

சார்னி குழு கூடிய 1979-ல் மௌனா லோவாவில் பத்து லட்சத்துக்கு 337 பங்கு கார்பன் டை ஆக்ஸைடு. 2024-ல் அது 420-ஐத் தாண்டிவிட்டது.

*

எங்கள் மேஜைக்கு வருகிறேன். அன்றைக்கு 5 போட்ட யாரும் அந்த வேலையைச் செய்யப்போவதில்லை. செய்யப்போகிறவன் போட்டது 13. அவன் மட்டும்தான் உள்ளே போய்ப் பார்த்தவனும். பார்த்தவனும் சுமக்கப்போகிறவனும் ஒரே ஆள். அவன் அட்டையைத்தான் நான் திருப்பிப் போடச் சொன்னேன். அட்டையை மறைத்து வைக்கும் விதி, பெரியவர் முகத்தைப் பார்த்து சின்னவர் பயப்படக்கூடாது என்பதற்காக ஹெல்மர் காலத்திலேயே வந்தது. முதல் சுற்றில் அது அவனைக் காப்பாற்றியது. இரண்டாம் சுற்றுக்கு முன்னால் ‘தம்பி’ என்று ஒரு வார்த்தை சொல்லி அந்த விதியை நான் உடைத்தேன்.

இப்போது நான் வேறு கம்பெனி, வேறு டீம். அட்டை திறந்ததும் முதலில் நடுவில் நிற்பவர்களிடம் காரணம் கேட்கிறேன். கொஞ்சம் எரிச்சலாகிறார்கள், மீட்டிங் பதினைந்து நிமிடம் நீள்கிறது. எஸ்டிமேட் எப்போதும் சரியாக வருகிறது என்று சொல்ல மாட்டேன்.

இந்தக் கட்டுரை எழுதும்போது அந்தப் பையனுக்கு போன் போட்டேன். இப்போது பெங்களூரில் இருக்கிறான், அவனே லீட். ஹெல்மர், டெல்ஃபி என்று ஏதேதோ சொல்லிச் சுற்றிவளைத்து, கடைசியில், “அன்னைக்கு உன் 13-ஐ நான் மாத்த வச்சிருக்கக் கூடாதுடா,” என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் சிரித்தான்.

“அண்ணா, அன்னைக்கு நான் 20 தான் கையில எடுத்தேன். எல்லாரும் சிரிப்பீங்கன்னு 13 வச்சேன்.”